நாவலேரித் தாழங்கரையை ஒரு புதன்கிழமைக்குத் திறந்துவிடக் கோருவது

அனுப்புபவர்:
நஸ்ருன்னிசா,
புத்தக பைண்டர் ஷரஃபுதீன் அவர்களின் மனைவி,
கச்சேரி ரோட்டுப் பின்சந்து,
மயிலாப்பூர், சென்னை.

பெறுபவர்:
ஏரிகள் மேற்பார்வை உத்தியோகஸ்தர் அவர்கள்,
சைதாப்பேட்டை.

விஷயம்: திருவான்மியூருக்கு மேற்கே உள்ள நாவலேரியின் கீழ்க்கரையில், தாழம்புதர் சூழ்ந்த புல்தரையில், இம்மாதம் 26-ந் தேதி புதன்கிழமை ஒரு பகல் மட்டும் பெண்கள் கூடி உண்டு உலாவ அனுமதி வேண்டுவதும், என் முந்திய மனுவில் இருந்த சில சொற்களை வாபஸ் பெறுவதும்.

பார்வை: என் மனு, 1941 ஜனவரி 20. தங்கள் பதில், பிப்ரவரி 10.

கனம் பொருந்திய ஐயா,

1. தங்கள் பதில் கிடைத்தது. ஒரு பெண்பிள்ளை எழுதிய மனுவுக்கு இருபத்தொரு நாளில் பதில் வரும் என்று எங்கள் சந்தில் ஒருவரும் நம்பவில்லை. அதற்காக முதலில் என் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். சென்ற மனுவில் "அநியாயம்" என்ற சொல்லை மூன்று இடங்களில் எழுதியிருந்தேன். அவற்றில் இரண்டை இதன் மூலம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். காரணம் கீழே வருகிறது. மூன்றாவதைப் பற்றியும் கீழே சொல்கிறேன்.

2. தாங்கள் எங்கள் வழக்கம் அறியாதவராக இருக்கலாம். ஸபர் மாதத்தின் கடைசிப் புதன்கிழமையை நாங்கள் ஒடுக்கத்துப் புதன் என்போம். நபிகள் நாயகம் அவர்கள் நோய் சற்றுத் தணிந்து குளித்து எழுந்த நாள் அது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அன்று மாவிலைகளில் குங்குமப்பூ மசியால் ஏழு ஸலாம் ஆயத்துகளை, அதாவது குர்ஆன் வசனங்களை, இலைக்கு ஒன்றாக எழுதி, அதைக் கழுவிய தண்ணீரைக் குடிப்போம். பிறகு வெளியே போய்ப் பச்சைப் புல்லை வெறுங்காலால் மிதிப்போம். இதற்கெல்லாம் கிதாபில் ஆதாரமில்லை என்று என் கணவரும், அவரைவிட அதிகம் படித்தவர்களும் சொல்கிறார்கள். ஆதாரத்தைப் பற்றி அவர்கள் பேசட்டும். புல்லைப் பற்றி நான் பேசுகிறேன்.

3. எங்கள் சந்தில் பதினாறு வீடு. பெண்கள் எல்லோரும் அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் கோஷாவில் இருப்பவர்கள். எங்களுக்கு வானம் என்றால் முற்றத்து அளவு வானம்தான். வருஷத்தில் அந்த ஒரு புதன்கிழமை மட்டும், விடியும் முன்னே திரைச்சீலை கட்டிய மாட்டுவண்டிகளில் ஏறி, அடையாற்றுப் பாலம் தாண்டி நாவலேரிக்குப் போவோம். ஏரிக்கரையின் அடிவாரத்தில் ஒரு புல்தரை. மூன்று பக்கமும் ஆள் நுழைய முடியாத தாழம்புதர், நாலாவது பக்கம் ஏரிக்கரை. மதகிலிருந்து கசியும் தண்ணீரால், ஊரெல்லாம் காய்ந்து கிடக்கும் பங்குனியிலும் அந்த ஒரு துண்டு மட்டும் பச்சையாக இருக்கும். இரண்டு பெரிய நாவல்மரங்கள் நிழல் தரும். கரைமேல் ஏறினால் ஒரே தண்ணீர், அதில் நீர்க்கோழிகள். உச்சிவேளைக்குத் திருவான்மியூர்ப் பக்கமிருந்து கடல்காற்று கிளம்பிவரும். ஆண்கள் வண்டிகளோடு புதருக்கு வெளியே இருந்துவிடுவார்கள். உள்ளே நாங்கள் கோஷா அங்கியைக் கழற்றி நாவல்கிளையில் மாட்டிவிட்டு நடப்போம், உட்காருவோம், உரக்கப் பேசுவோம். என் நாத்தனார் ஜமீலுன்னிசா நாற்பத்தைந்து வயதில் அங்கே ஊஞ்சல் ஆடுவாள். இதற்குமேல் அங்கே எந்தக் குற்றமும் நடப்பதில்லை.

4. இப்போது அந்தப் புதரின் வாயிலில் ஒரு பலகை நிற்கிறது. "இங்கே கூட்டம் கூடுதல், சமைத்தல், உண்ணுதல், நீரில் எதையும் இடுதல் கூடாது" என்று அதில் எழுதியிருக்கிறது. சென்ற ஆடி மாதக் கடைசியிலேயே நட்டதாம். வருஷத்துக்கு ஒரு நாள் போகிறவர்களுக்குத் தை மாதத்தில்தான் சேதி வந்தது. அதன் மேல்தான் என் முதல் மனு.

5. தங்கள் பதிலில், நாவலேரி வட்டாரத்தில் கோடைப் பொழுதை இன்பமாகக் கழிக்கத் தக்க இயற்கை எழில் மிகுந்த இடங்கள் வேறு மூன்று இருப்பதாகக் குறிப்பிட்டு, அவற்றில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளும்படி யோசனை சொல்லியிருந்தீர்கள். பார்க்காமல் குறை சொல்வது முறையல்ல என்று பிப்ரவரி 16-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை, என் கணவரைக் கட்டாயப்படுத்தி, வண்டி கட்டிக்கொண்டு மூன்றையும் போய்ப் பார்த்தேன். திரைச்சீலை இடுக்கு வழியாகப் பார்த்த அளவில் என் அபிப்பிராயம் பின்வருமாறு.

முதலாவது, வடகரைத் தூங்குமூஞ்சி மரத்தோப்பு. அழகில் குறை சொல்ல முடியாது. ஆனால் தோப்பை ஒட்டியே சைதாப்பேட்டை பஸ் போகிறது. நாங்கள் நின்ற அரைமணி நேரத்தில் இரண்டு பஸ் போயிற்று. நின்ற ஒரே ஒரு மாட்டுவண்டியையே அத்தனை தலைகள் எட்டிப் பார்த்தன. பதினாறு வீட்டுப் பெண்கள் இறங்கினால் பஸ்ஸே நின்றுவிடும்.

இரண்டாவது, மேற்கே உள்ள பாறைமேடு. அதன்மேல் ஏறினால் பரங்கிமலை வரை தெரியும் என்று எழுதியிருந்தீர்கள். உண்மைதான். என் கணவர் ஏறிப் பார்த்துவிட்டு வந்து, எல்லாம் தெரிகிறது, புல் மட்டும் தெரியவில்லை என்றார். பங்குனி வெயிலில் அந்தப் பாறையில் ரொட்டியே சுடலாம்.

மூன்றாவது, தென்கரையில் தங்கள் இலாகாவே அமைத்திருக்கும் பூந்தோட்டம். பெஞ்சுகள், பூச்செடிகள், வெல்வெட்டுப் போல வெட்டிவிட்ட புல், சுற்றிலும் உயரமான சவுக்கு வேலி, எல்லாம் இருக்கின்றன. உண்மையில் மனம் பூரித்து இறங்கவே இறங்கிவிட்டேன். ஐயா, அதன் நடுவில் ஒரு பலகை இருக்கிறது. "புல்லை மிதிக்காதே." புல்லை மிதிப்பதற்கென்றே வருஷம் முழுவதும் காத்திருந்து வருகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமில்லாத இடம் ஜில்லாவிலேயே கிடைக்காது. என் கணவர் சிரித்த சிரிப்பில் வண்டிமாடு மிரண்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

6. திரும்பும் வழியில் தாழங்கரை மதகில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். பலகையையாவது பார்த்துவிட்டுப் போகலாம் என்றுதான். மதகுக் காவலர் வேதாசலம் அங்கே இருந்தார். அவர் வாயால்தான் எனக்கு உண்மை தெரிந்தது.

கழுவிய மாவிலையில் எழுத்து போய்விட்டாலும், அது எழுத்து இருந்த இலை. கால்படும் இடத்தில் அதைப் போடமாட்டோம். ஓடுகிற நீரில் விடுவதுதான் உத்தமம் என்று, சென்ற வருஷம் ஒவ்வொருவரும் கரைமேல் ஏறி, மதகு வாயருகே தண்ணீர் இழுக்கும் இடமாகப் பார்த்து, பிஸ்மி சொல்லி விட்டோம். எத்தனை மரியாதையாக விட்டோம் என்பதற்கு அல்லாஹ்வே சாட்சி. தொண்ணூறு பேர், ஆளுக்கு ஏழு இலை. அத்தனையும் மதகின் கம்பிச் சல்லடையில் போய் ஒன்றன்மேல் ஒன்றாக அப்பிக்கொண்டு வாயை அடைத்துவிட்டன. கீழே இருந்த நெல்லுக்கு இரண்டு நாள் தண்ணீர் போகவில்லை. வேதாசலம் கழுத்தளவு தண்ணீரில் நின்று கையாலேயே இலைகளை வாரி எடுத்திருக்கிறார். அதற்கு மேல் அவருக்கு மெமோவும் வந்திருக்கிறது. அதன் பிறகே பலகை.

அதாவது, எங்கள் மேல் துவேஷத்தால் யாரோ பலகை நட்டார்கள் என்று நான் எழுதியது தவறு. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. வண்டிக்குள் உட்கார்ந்தபடியே எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று. திரை இருந்தது நல்லதாயிற்று. வேதாசலத்திடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "இலைதானேம்மா, கல்லா போட்டீங்கோ? சொல்லியிருந்தா நானே ஒரு கூடை வெச்சிருப்பேன். இப்போ நான் இன்னா பண்றது, மேலேர்ந்து ஆர்டர் வந்துகீது. ஐயா ஒரு வார்த்தை சொல்லட்டும், அன்னிக்கு நானே பலகையைப் புடுங்கி நிழல்ல சாத்தி வெக்கிறேன்." இதைச் சொன்னதற்காக அவர்மேல் நடவடிக்கை எதுவும் எடுக்கவேண்டாம் என்று தனியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

7. இனி மூன்றாவது "அநியாயம்". என் மகள் ஷாகிராவுக்குப் பதினான்கு வயது நிறைகிறது. சென்ற வருஷம் அவள் நாவலேரிக் கரைமேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடினாள். பெருநாளுக்குப் பிறகு பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி அவளைக் கோஷாவில் உட்காரவைத்தோம். வழக்கம் சரியா தவறா என்று தங்களிடம் வழக்காட வரவில்லை. பதின்மூன்று வயதில் எனக்கும் அதுதான் நடந்தது, அப்போது நான் மூன்று நாள் சாப்பிடவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன். அவள் புத்தகப்பையைப் பரண்மேல் ஏற்றிய அன்று நான் அவளுக்கு ஒரு வாக்குக் கொடுத்தேன். "எல்லாம் போய்விடாது. வருஷத்துக்கு ஒரு நாள் நாவலேரி இருக்கிறது. அதை யாரும் உன்னிடமிருந்து எடுக்க மாட்டார்கள்" என்றேன். அப்படி நான் சொல்லிக்கொண்டிருந்தபோது பலகை அங்கே ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது.

பலகையைப் பற்றிச் சேதி வந்த அன்று அவள் அழவில்லை. "ஒரு நாள்தானே அம்மா, போகட்டும்" என்று மட்டும் சொன்னாள். அந்த ஒரு நாள்தானே என்ற பேச்சு என்னைச் சுட்டுவிட்டது, ஐயா. மற்ற முந்நூற்று அறுபத்து நாலு நாளையும் அவளிடமிருந்து வாங்கிக்கொண்டு, பதிலுக்கு நான் தருவதாகச் சொன்னது அந்த ஒரு நாளைத்தான். பலகை நட்டது நியாயம். இலை போட்டது எங்கள் பிழை. ஆனால் இலையை ஒழுங்காகப் போடத் தெரியாத எங்களுக்காக அவளுக்கு அந்த நாள் இல்லாமற்போவது அநியாயம். அந்தச் சொல்லை மட்டும் என்னால் வாபஸ் வாங்க முடியவில்லை.

8. பிழை மறுபடி நேராதிருக்க நாங்கள் கட்டுப்படும் நிபந்தனைகள்:

(அ) இலைகளை வீட்டிலேயே ஒரு தாமிர அண்டாவில் கழுவி, தண்ணீரை மட்டும் கூஜாவில் கொண்டுவருவோம். ஏரிக்கு ஓர் இலைகூட வராது. கழுவிய இலைகளை அடுத்த தெரு அபயாம்பாள் அம்மாள் வீட்டு மாமரத்தின் அடியில் புதைப்போம். வருஷா வருஷம் எங்களுக்கு இலை கொடுப்பது அந்த மரம்தான். அந்த அம்மாளைக் கேட்டபோது, "எங்காத்து மரத்து எலை எங்காத்துக்கே வரட்டுமே. அங்கே ஒருத்தரும் கால் வைக்காம நான் பார்த்துக்கறேன்" என்றார்கள். ஆடிப்பெருக்குக்குக் கட்டுச்சாதம் எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டாரும் நாவலேரிக்குத்தான் போவது வழக்கம் என்பதால், இம்மனுவில் தாமும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

(ஆ) கரையில் அடுப்பு மூட்டமாட்டோம். தேங்காய்ச்சோறும் தால்சாவும் வீட்டிலேயே சமைத்துக் கொண்டுவருவோம். வேதாசலத்துக்கும் பங்கு உண்டு. இதை லஞ்சமாகக் கருதவேண்டாம். அவர் நின்ற கழுத்தளவு தண்ணீருக்கு இது போதவும் போதாது.

(இ) அந்தப் புதனுக்கு முந்திய நாள் எங்கள் வீட்டு ஆண்கள் போய் மதகுச் சல்லடையைச் சுத்தம் செய்து கொடுப்பார்கள். என் கணவருக்கு இன்னும் இது தெரியாது. நாளை சொல்லிக்கொள்கிறேன்.

(ஈ) பொழுது சாயுமுன் கிளம்பிவிடுவோம். மதகில் தண்ணீர் ஓடுவதை வேதாசலம் பார்த்துத் தலையசைத்த பிறகே வண்டிகள் நகரும்.

9. ஆகையால், இம்மாதம் 26-ந் தேதி ஒரு பகல் மட்டும் தாழங்கரையைத் திறந்துவிடும்படி தங்களை மிகவும் பணிந்து கேட்டுக்கொள்கிறேன். சர்க்கார் நட்ட பலகையை ஒரு நாளைக்கென்று பிடுங்குவது சட்டப்படி கூடாது என்றால் அதற்கும் வழி உண்டு. என்னுடைய பழைய கோஷா ஒன்று இருக்கிறது. அதைப் பலகைமேல் போர்த்திவிடுகிறோம். வருஷம் முழுதும் நாங்கள் போட்டுக்கொள்வதை அது ஒரு நாள் போட்டுக்கொள்ளட்டும். தாங்கள் மூன்று இடங்களைத் தேடிக் குறித்துப் பதில் எழுதியவர். எழுதாமலே இருந்திருக்கலாம். அந்த ஒரு காரணத்தாலேயே நான் இப்போதே வண்டிகளுக்குச் சொல்லிவைத்துவிட்டேன்.

தங்கள் நல்ல உத்தரவை எதிர்பார்க்கும்,

நஸ்ருன்னிசா
அபயாம்பாள் (மாமரத்துக்கு உடையவள்)

இடம்: மயிலாப்பூர்
தேதி: 1941 மார்ச் 3

பி.கு.: இதை மட்டும் நானே எழுதுகிறேன். என் கையெழுத்து தங்களுக்குப் படிக்கச் சிரமமாக இருக்கும் என்று, நான் சொல்லச் சொல்ல இம்மனுவை எழுதியவள் ஷாகிராதான். பரணிலிருந்து பையை இறக்கி அவளுடைய பேனாவையே எடுத்துக் கொடுத்தேன். எழுதி முடித்ததை வாங்கி வாசித்துப் பார்த்தேன். ஏழாவது பத்தியில் "அவள் அழவில்லை" என்று இருக்கிறது. நான் சொன்னது "அழுதாள்" என்று. திருத்தச் சொல்லாமல் அப்படியே விட்டுவிட்டேன். 26-ந் தேதி அவள் அந்தக் கரைமேல் ஓடிவிட்டால், இரண்டில் எது இருந்தால் என்ன?