தனேஷ் கோப்பைக்கு ஒரு கேம்

ஜார்ஜ்டவுன்
4.5.2025

தனேஷ் அப்பாவுக்கு,

ஜெகதா எழுதுகிறேன். நலம் விசாரிக்க எழுதவில்லை, ஆனாலும் கேட்கிறேன், உங்கள் முட்டி வலி எப்படி இருக்கிறது?

இந்தக் காலத்தில் யார் காகிதத்தில் எழுதுகிறார்கள் என்று நினைப்பீர்கள். நாம் போனில் பேசினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். நான் அழுவேன், நீங்கள் கத்துவீர்கள், அப்புறம் யார் முதலில் போனை வைப்பது என்பதில்தான் போட்டி. காகிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். பிழை இருந்தால் திருத்திப் படியுங்கள்.

விஷயம் இதுதான். தனேஷ் டெங்கி வந்து நம்மை விட்டுப் போய் செப்டம்பரில் ஒரு வருஷம் ஆகப் போகிறது. அவனோடு கொம்தார் கட்டடத்துக் கேம் கடையில் கூடுகிற பிள்ளைகள் போன வாரம் வீட்டுக்கு வந்தார்கள். ஹாஃபிஸை உங்களுக்குத் தெரியும், மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் ரோட்டில் நாசி கண்டார் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர் மகன். அவன்தான் பேசினான். தனேஷ் பேரில் வருஷா வருஷம் ஒரு கேம் போட்டி வைக்கப் போகிறார்களாம். முதல் போட்டி ஜூன் 22, ஞாயிற்றுக்கிழமை, நம் ஃப்ளாட்டுக்குக் கீழே உள்ள பாலாய் ராயா கூடத்தில். கோப்பையில் அவன் பேரும் கேம் பேரும் அடிக்கப் போகிறார்கள். ஒரே ஒரு கேம்தான் வைக்க முடியும், அது அவனுக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்த கேமாக இருக்க வேண்டுமாம். அவர்களுக்குள் ஆளுக்கு ஒன்று சொல்லிச் சண்டை போட்டுவிட்டு, அம்மாவையே கேட்போம் என்று வந்துவிட்டார்கள்.

நான் யோசிக்கவே இல்லை. ‘சிக்கிட் லாகி’ என்று சொன்னேன்.

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் இருந்த ஒருத்திக்குச் சிரிப்பு வந்து வாயைப் பொத்திக்கொண்டாள். ஹாஃபிஸ்தான் மெதுவாகச் சொன்னான், அப்படி ஒரு கேம் கிடையாது ஆன்ட்டி என்று. இத்தனை வருஷமும் நான் சமையல் கட்டில் இருந்து, “என்னடா ஆடுற, சாப்பிட வா” என்று கூப்பிடுவேன். அவன் “சிக்கிட் லாகி மா” என்பான். இன்னும் கொஞ்சம் என்றுதான் அர்த்தம், எனக்கு மலாய் தெரியாதா. ஆனால் என்ன ஆடுகிறாய் என்று கேட்டதற்கு வந்த பதில் என்று எடுத்துக்கொண்டேன். இந்த ஊரில் கடைகளுக்கு வைக்கிற பேரைப் பார்த்தால் கேமுக்கு அப்படி ஒரு பேர் இருக்காதா என்ன.

கோழிக்கறியில் எந்தத் துண்டை ஒதுக்குவான், எந்தச் சட்டைக் காலர் உறுத்தும், எல்லாம் தெரிந்த எனக்கு இது தெரியவில்லை. தப்பாகச் சொன்னால் கோப்பையிலும் தப்பாக அடித்துவிடுவார்கள். வருஷா வருஷம் அவன் பேரில் அதே தப்பு நடக்கும். அவன் வந்து, இல்லைமா அது இல்லை என்று சொல்லவா முடியும்?

சனிக்கிழமையானால் பெர்ரி பிடித்து உங்களிடம்தான் வருவான். அங்கே என்ன ஆடினான்? உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள். இந்த மாதத்துக்குள் நான் பதில் சொல்ல வேண்டும்.

தனேஷ் அம்மா

*

கெப்பாலா பத்தாஸ்
10.5.2025

ஜெகதாவுக்கு,

உன் கடிதம் வந்தது. முட்டி வலி இருக்கிறது. துறைமுகத்தில் இப்போது என்னை ஏறி இறங்கும் வேலையில் போடுவதில்லை, கேட்டில் உட்கார வைத்திருக்கிறார்கள்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஃபுட்பால். வேறு எதுவும் இல்லை.

நான் இங்கே அறை எடுத்து வந்த வருஷம் பட்டர்வொர்த்தில் டிவியில் போட்டு ஆடுகிற ஒரு பழைய கேம் செட் வாங்கினேன். பிள்ளை வந்தால் சும்மா மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியுமா? அவனுக்கும் எனக்கும் பேச்சு வரவில்லை, அதுதான் நிஜம். அந்த செட்டோடு வந்தது ஒரே ஒரு கேம், ஃபுட்பால். அதில் உள்ள ஆட்டக்காரர்கள் எல்லாம் இப்போது ஆடுவதை விட்டுவிட்டார்கள். இருந்தாலும் அதைத்தான் ஆடுவோம். ஆட ஆரம்பித்த பிறகுதான் பேச்சு வந்தது. உன்னைப் பற்றியும் பேசுவோம்.

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. பெரும்பாலும் நான்தான் ஜெயிப்பேன். கொஞ்ச வித்தியாசத்தில்தான், ஆனாலும் நான்தான். “எப்படிப்பா இப்படி அடிக்கிறீங்க, கையில என்ன வச்சிருக்கீங்க” என்று கேட்பான். தோற்றாலும் முகத்தைத் தூக்க மாட்டான். வேறு எதிலும் அந்தப் பிள்ளைக்கு முன்னால் நான் ஜெயித்ததாக நினைவில்லை.

ஹாஃபிஸிடம் ஃபுட்பால் என்று தைரியமாகச் சொல்.

மோகனராஜ்

*

ஜார்ஜ்டவுன்
18.5.2025

தனேஷ் அப்பாவுக்கு,

சொல்லிவிட்டேன். சொன்னதிலிருந்து இன்னும் பயமாகத்தான் இருக்கிறது.

ஹாஃபிஸ் சரி என்று சொல்லவும் இல்லை, இல்லை என்று சொல்லவும் இல்லை. போனை நோண்டிக்கொண்டு நின்றான். அன்றைக்குச் சிரித்த பெண் நூர் ஃபாத்திஹாவும் கூட வந்திருந்தாள். “ஃபுட்பாலா ஆன்ட்டி? ஷுவரா?” என்று இரண்டு தரம் கேட்டாள். தங்களோடு ஃபுட்பால் ஆடக் கூப்பிட்டால் போரடிக்கிறது என்று கழன்றுகொள்வானாம். சண்டை கேம் ஒன்றும், ஊர் கட்டுகிற கேம் ஒன்றும்தான் அவர்கள் மனதில் இருந்ததாம்.

உங்களை நம்பாமல் கேட்கவில்லை. ஆனால் கல்யாணம் ஆன நாளில் இருந்து உங்களுக்குப் பிடித்ததுதான் வீட்டில் எல்லாருக்கும் பிடித்தது என்று ஆகும். மீன் தலை பிள்ளைக்கு உயிர் என்று தட்டில் தூக்கி வைப்பீர்கள். நீங்கள் கை கழுவப் போனதும் அவன் என் தட்டில் தள்ளிவிடுவான். இதுவும் மீன் தலை கதையாக இருக்கக் கூடாது.

அவனாக வாயைத் திறந்து, எனக்கு இது பிடிக்கும் என்று சொன்னானா? நன்றாக யோசித்து எழுதுங்கள். கோப்பை அடிக்கக் கொடுக்கும் முன் ஹாஃபிஸ் என்னை இன்னொரு தரம் கேட்பான்.

வெயில் அதிகமாக இருக்கிறது. கேட்டில் உட்காரும்போது தலையில் துணி போட்டுக்கொள்ளுங்கள்.

தனேஷ் அம்மா

*

கெப்பாலா பத்தாஸ்
25.5.2025

ஜெகதாவுக்கு,

மீன் தலை விஷயம் எனக்கு இப்போதுதான் தெரியும். போகட்டும்.

வாயைத் திறந்து சொன்னதில்லை. சொல்கிற பிள்ளையா அவன்? ஆனால் அவன் இங்கே வந்து போன ஆறு வருஷத்தில் நோன்புப் பெருநாள், தீபாவளி என்று எது வந்தாலும் சனிக்கிழமை தவறியதில்லை. மழையில் நனைந்துகொண்டு வந்து, துண்டு வாங்கித் துடைக்கும் முன்னால் செட்டைப் போடுவான். பிடிக்காத ஆளா அப்படிச் செய்வான்? அந்தப் பிள்ளைகளிடம் போரடிக்கிறது என்று சொன்னால் அது அவர்கள் ஆடுகிற லட்சணம்.

நான் ஒரு முடிவு செய்திருக்கிறேன். முதல் ஆட்டத்தை நானே ஆடுகிறேன் என்று ஹாஃபிஸிடம் சொல். அவர்களில் யார் கெட்டியோ அவனை எதிரே உட்கார வைக்கட்டும். தனேஷையே ஜெயித்த ஆள் நான். அப்பா ஆடுகிற ஆட்டத்தைப் பார்த்தால் அந்த ஃபாத்திஹா பிள்ளைக்கும் புரியும்.

சட்டை அடிக்கக் கொடுத்துவிட்டேன், முதுகில் தனேஷ் என்று. என்னோடு கேட்டில் இருக்கிற ஸுல்கிஃப்லியிடம் சொன்னேன், அவன் எல்லாரிடமும் சொல்லிவிட்டான். வேன் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். உனக்குச் சங்கடம் என்றால் நான் பின்பக்கமாக வந்து ஆடிவிட்டுப் போய்விடுகிறேன்.

எட்டு மாதத்தில் இப்போதுதான் எனக்குக் காலையில் எழுந்திருக்க ஒரு காரணம் இருக்கிறது.

மோகனராஜ்

*

ஜார்ஜ்டவுன்
8.6.2025

தனேஷ் அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படியுங்கள். கேட்டில் வைத்துப் படிக்காதீர்கள்.

உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஹாஃபிஸ் கடைக்குப் போனேன். மதியக் கூட்டம் கலைந்திருந்தது. எனக்கு ஒரு தே ஓ, பால் இல்லாத டீ, போடச் சொல்லிவிட்டு எதிரே உட்கார்ந்தான். அங்கிள் முதல் ஆட்டம் ஆட வருகிறார், தனேஷையே ஜெயித்தவர் என்று சொன்னேன். அவன் முகம் போன போக்கு சரியில்லை. என்னப்பா, மறைக்காமல் சொல் என்றேன்.

“ஆன்ட்டி, ஃபுட்பால்ல அவன் எங்க எல்லாரையும் அடிச்சிடுவான் லா. எங்ககூட ஆடினா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடும், அதான் போர்னு சொல்வான். அங்கிள்கிட்ட மட்டும்தான் தோப்பான்.”

எனக்குப் புரியவில்லை. அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“வெள்ளிக்கிழமை கேம் கடைக்கு வந்து அந்தப் பழைய கேம் போட்டு ப்ராக்டிஸ் பண்ணுவான். தோக்குறதுக்கு ப்ராக்டிஸ். அப்பாவுக்குத் தெரியாம தோக்கணும், ஒரு கோல் வித்தியாசத்துல தோக்கணும், அதுதான் உலகத்துலயே கஷ்டம்னு சொல்வான். நாங்க அவனை பயங்கரமா கேலி பண்ணுவோம்.”

சின்ன வயசில் ஒளிந்து விளையாடும்போது ஓட முடியாத குட்டிப் பிள்ளையை ஒப்புக்குச் சப்பாணி என்று சேர்த்துக்கொள்வோமே, நினைவிருக்கிறதா? பிடிபட்டாலும் அது கணக்கில் இல்லை. நம் பிள்ளை உங்களை அப்படித்தான் வைத்து ஆடியிருக்கிறான்.

எனக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா? அந்தப் பிள்ளைகளையும் தோற்கச் சொல்லலாம் என்று. ஒரே ஒரு ஆட்டம்தானே, அவருக்குத் தெரியாமல் விட்டுக்கொடுங்கள் என்று ஹாஃபிஸ் கையைப் பிடித்துக் கேட்டேன். அவன் ரொம்ப நேரம் மேசையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். “தோக்குறது பெருசு இல்ல ஆன்ட்டி. ஆனா அது அவனோடது. நாங்க எடுத்துக்கக் கூடாது.”

உங்களுக்குச் சொல்லாமல் விட்டுவிடவும் நினைத்தேன். வேன் நிறைய ஆள், முதுகில் அவன் பேர் போட்ட சட்டை, எதிரே கெட்டிக்காரப் பையன். முதல் ஐந்து நிமிஷத்திலேயே உங்களுக்கு விளங்கிவிடும். அத்தனை பேர் நடுவில் அது தெரிய வேண்டாம், தெரிவதாக இருந்தால் என் மூலமாகத் தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன். முட்டி வலி என்று சொல்லி வராமல் இருந்துவிடுங்கள். நான் சமாளித்துக்கொள்கிறேன். இது நம்மையும் அந்தப் பிள்ளைகளையும் தாண்டிப் போகாது.

இன்னொன்றும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விடத்தான் எனக்கு ஆசை.

அவன் காய்ச்சலில் படுப்பதற்குக் கொஞ்ச நாள் முன்னால் கேம் கடையில் ஒரு பேச்சு வந்ததாம். இனிமேல் ஆயுசுக்கும் ஒரே ஒரு கேம்தான் என்றால் எதை எடுப்பாய் என்று ஆளாளுக்குக் கேட்டிருக்கிறார்கள். தனேஷ் மட்டும் பதில் சொல்லாமல் நழுவியிருக்கிறான். விடாமல் பிடித்ததும் சொன்னானாம், “அப்பா ரூம்ல இருக்கிற ஃபுட்பால்.” எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். கிண்டலுக்குச் சொல்கிறான் என்று நினைத்து ஹாஃபிஸும் மறந்துவிட்டான். நான் உங்கள் பேச்சை எடுத்ததும்தான் அவனுக்கு நினைவு வந்தது. அன்றைக்கு தனேஷ் சிரிக்கவில்லை ஆன்ட்டி என்றான்.

ஆக, கேம் பேர் நீங்கள் சொன்னதுதான். கோப்பை அடிக்கக் கொடுத்துவிட்டார்கள்.

எனக்கு இது லேசாக இல்லை. வீட்டை விட்டுப் போனவர் நீங்கள். கூடவே இருந்து சோறு போட்டவள் நான். அவன் ஒன்றே ஒன்று என்று எடுத்தபோது உங்கள் அறையில் இருந்ததை எடுத்திருக்கிறான். பஸ்ஸில் வரும்போது முழுக்க உங்கள் மேல் கோபமாக இருந்தது. வீட்டுக்கு வந்து அவன் படத்தைப் பார்த்ததும் யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை.

பதில் எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள். பேசாமல் இருந்துவிடாதீர்கள், எனக்குப் பயமாக இருக்கிறது.

தனேஷ் அம்மா

*

கெப்பாலா பத்தாஸ்
14.6.2025

ஜெகதாவுக்கு,

நீ சொன்னபடி உட்கார்ந்துதான் படித்தேன். மறுநாள் வேலைக்குப் போகவில்லை. அடுத்த நாள் போனேன்.

முதலில் உன் மேல் சந்தேகம் வந்தது. பொறாமையில் எழுதுகிறாள் என்று நினைத்தேன். சரி, பார்த்துவிடுவோம் என்று ஸுல்கிஃப்லியை அறைக்குக் கூட்டிவந்து செட்டைப் போட்டேன். அவன் வாழ்நாளில் கேம் தொட்டதில்லை. எந்த பட்டனை அழுத்தினால் பந்து போகும் என்று நான்தான் சொல்லிக் கொடுத்தேன். அவனிடமும் தோற்றேன், ஜெகதா. அந்த ஆள் “அட, இது சுலபம் லா” என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும் செட்டை அணைத்துவிட்டான்.

ஆறு வருஷம். நான் கோல் போட்டுவிட்டுக் கட்டிலில் ஏறிக் குதிப்பேன். கீழ்வீட்டுக்காரன் கத்துவான். தனேஷ் தலையில் கை வைத்துக்கொண்டு, அய்யோ அப்பா என்பான். அந்த முகத்தை இப்போது திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். நடிப்பு என்று ஒரு இடத்தில்கூடத் தெரியவில்லை.

முட்டி வலி என்று சொல்லச் சொன்னாய். வேண்டாம். வேனையும் நிறுத்தச் சொல்லவில்லை. வருகிறேன், அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு முன்பக்கமாகவே வருகிறேன். ஹாஃபிஸையே எதிரே உட்காரச் சொல். கொஞ்சம்கூட விட்டுக்கொடுக்கக் கூடாது, எத்தனை கோல் போட முடியுமோ அத்தனையும் போட வேண்டும். நான் எவ்வளவு மோசம் என்று அந்த ஹாலில் இருக்கிற அத்தனை பேரும் பார்க்கட்டும். அப்போதுதான் சனிக்கிழமை சனிக்கிழமை என் பிள்ளை என்ன செய்தான் என்று அவர்களுக்குத் தெரியும்.

நீ பஸ்ஸில் கோபப்பட்டது நியாயம்தான்.

மோகனராஜ்

*

ஜார்ஜ்டவுன்
17.6.2025

தனேஷ் அப்பாவுக்கு,

ஹாஃபிஸிடம் சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். பிறகு, சரி ஆன்ட்டி, நிஜமாகவே ஆடுகிறேன் என்றான்.

காலை பத்து மணிக்கு ஆரம்பம். வேனை மார்க்கெட் பக்கம் நிறுத்தச் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை ஃப்ளாட் வாசலில் இடம் கிடைக்காது. வேனில் வருகிற எல்லாருக்கும் மதியச் சாப்பாடு நம் வீட்டில். மீன் தலை இருக்கும், நீங்கள் ஒருவர்தான் சாப்பிட வேண்டும்.

முதல் வரிசையில்தான் உட்காரப் போகிறேன். ஹாஃபிஸ் உங்களுக்கு கோல் போடும்போதெல்லாம் நான் கைதட்டுவேன், பலமாகவே தட்டுவேன். யாருக்குத் தட்டுகிறேன் என்று உங்களுக்குத் தெரியும். அப்போது என்னைத் திரும்பிப் பார்க்காதீர்கள், ஆட்டத்தைப் பாருங்கள்.

ஜெகதா