சிங்கத்தை அழைத்தவள்

செரங்கட்டி, தான்சானியா
3 ஜூன் 2025

அன்புள்ள நாஜியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம். உன் நலமும் மகள் ஸமீரா, மருமகன் நலமும் அறிய ஆவல். போனில் பேசினால் பாதியில் அறுந்துவிடுகிறது. அதனால் எழுதி, படம் எடுத்து அனுப்புகிறேன்.

இந்தச் சஃபாரி முகாமில் என் ஒப்பந்தம் செப்டம்பரோடு முடிகிறது. இன்னும் மூன்று வருடம் இருக்கும்படி மேனேஜர் சொல்கிறார். மனைவியையும் அழைத்துக்கொள்ளலாமாம். நீ வந்தால் இருப்பேன். இல்லையென்றால் யாங்கோன் திரும்பி, பழையபடி முதலாளி ஜாபர் காக்கா கடையில் பிரியாணி அண்டாவுக்கு முன் நிற்பேன். தனியாக இன்னும் மூன்று வருடம் என்னால் முடியாது.

பார்க்காமல் முடிவு சொல்லாதே. ஆகஸ்டில் பத்து நாள் வா. சமையல்காரர் குடும்பத்துக்கு ஒரு தடவை காட்டுச் சுற்று இலவசம். நீலமும் கறுப்பும் உடுத்த வேண்டாம். இங்கே ஒருவகை ஈ அந்த நிறங்களைத் தேடி வந்து கடிக்கும்.

உன்
ஜுல்ஃபிகர்


லத்தா, யாங்கோன்
11 ஜூன் 2025

அன்புள்ள மச்சானுக்கு,

வ அலைக்கும் ஸலாம். உங்கள் கடிதம் வந்தபோது மின்சாரம் இல்லை. போன் வெளிச்சத்திலேயே இரண்டு தடவை படித்தேன்.

பெருநாள் துணிகளைத் தைத்துக் கொடுத்து முதுகு போய்விட்டது. கூடத் தைக்கும் ராதா மட்டும் இல்லையென்றால் கடையை மூடியிருப்பேன். காக்கா வீட்டிலிருந்து குர்பானி இறைச்சி வந்தது. கொண்டுவந்தவர் காக்காதான். "அவன் எப்ப வர்றான்? அண்டா தூக்க ஆளில்லே" என்றார். உங்கள் சுகத்தைக் கேட்கவில்லை.

நீலம் வேண்டாம் என்கிறீர்கள். என்னிடம் இருப்பதில் பாதி நீலம். எல்லாம் நீங்கள் எடுத்துக் கொடுத்ததுதான்.

வருகிறேன். ஆனால் முடிவை அங்கே வைத்துக் கேட்காதீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்தால் உங்களுக்குப் பிடித்ததையே சொல்லிவிடுவேன். திரும்பி வந்து எழுதுகிறேன்.

உங்கள்
நாஜியா


லத்தா, யாங்கோன்
27 ஆகஸ்ட் 2025

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகமாக வந்து சேர்ந்தேன். கடை நன்றாக இருக்கிறது. ஒரு ரவிக்கைக்கு மட்டும் ராதா இன்னொருத்தி ரவிக்கையின் கையை வைத்துத் தைத்திருக்கிறாள்.

எல்லோருக்கும் சிங்கக் கதைதான் சொல்கிறேன். நீங்களும் ஜீப்பில்தான் இருந்தீர்கள். ஆனால் நான் பார்த்தது வேறு.

மரத்தடியில் மூன்று சிங்கங்கள் படுத்திருந்தன. டிரைவர் ஜுமா வண்டியை நகர்த்தினார். இன்னும் கொஞ்சம் நிற்கச் சொல்ல நினைத்தேன். அவர் மொழி தெரியாது. இங்கே டீக்கடையில் ஆளைக் கூப்பிட எல்லோரும் போடுவோமே, அந்த முத்தச் சத்தத்தை வாய் தானாகப் போட்டுவிட்டது. ஜுமா வண்டியை நிறுத்தினார். பெரிய பெண் சிங்கமும் எழுந்து வந்தது. சக்கரத்தை முகர்ந்தது, ஜீப் நிழலிலேயே படுத்துக்கொண்டது. வண்டியை எடுக்க முடியவில்லை.

ஜுமா மெதுவாகக் கேட்டதை நீங்கள் தமிழில் சொன்னீர்கள்: "உங்க ஊர்ல இப்படிக் கூப்பிட்டா என்ன வரும்னு கேக்குறார்."

"டீ வரும்னு சொல்லுங்க மச்சான்."

சத்தம் போட முடியாமல் நீங்கள் இருவரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தீர்கள். அதன் பிறகு நான் சிங்கத்தைப் பார்க்கவில்லை. உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். காக்கா கடையில் இருந்த இத்தனை வருடத்தில் நீங்கள் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. சமையலறையிலும் கவனித்தேன். உங்கள் ஆட்கள் ருசி பார்க்கக் கரண்டியை நீட்டிவிட்டு, நீங்கள் தலையசைக்கும்வரை காத்திருக்கிறார்கள். அங்கே நீங்கள் முதுகை நிமிர்த்தி நடக்கிறீர்கள்.

கையெழுத்துப் போடுங்கள். டிசம்பரில் வருகிறேன். கடையை ராதாவிடம் விடுகிறேன். ஸமீரா இரண்டு நாள் அழுதாள், பிறகு அவளே பெட்டி வாங்கிவந்தாள்.

ஆனால் அங்கே வந்து சும்மா உட்கார மாட்டேன். உங்கள் கூடாரத் திரைகளில் பாதி ஓரம் பிரிந்து தொங்குகிறது. ஒரு தையல் மெஷின் போட இடம் கேளுங்கள். காக்காவிடம் சொல்வது உங்கள் பொறுப்பு. நான் சொல்ல மாட்டேன்.

உங்கள்
நாஜியா


செரங்கட்டி
2 செப்டம்பர் 2025

அன்புள்ள நாஜியாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். கையெழுத்துப் போட்டுவிட்டேன். மேனேஜர் திரைகளை ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தார். திரும்பி வந்து, மெஷினுக்குத் தனிக் கூடாரமே தருகிறேன் என்றார். முகாம் முழுக்க உனக்கு வேலை இருக்கிறது, முதுகைப் பார்த்துக்கொள்.

நேற்றுக் காக்காவுக்குப் போன் செய்தேன். அவரிடம் பேசும்போது எப்போதும்போல எழுந்து நின்றுகொண்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

"அங்கே எத்தனை பேருக்குடா ஆக்குறே?" என்று கேட்டார்.

"அறுபது பேருக்கு காக்கா."

"பாத்திரமெல்லாம் நல்லதா வச்சிருக்காங்களா?"

"நல்லா இருக்கு."

"சரி. நாஜியா எப்பப் பொறப்படுதுன்னு சொல்லு. ஏர்போர்ட்டுக்கு நானே வண்டியிலே கொண்டுபோய் விடுறேன்."

போனை வைக்கச் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் ருசியைப் பற்றிக் கேட்டார், அரிசியைப் பற்றிக் கேட்டார், இங்குள்ளவர்கள் காரம் தின்பார்களா என்று கேட்டார். பதில் சொல்லிக்கொண்டே பக்கத்தில் கிடந்த நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன்.

உன்
ஜுல்ஃபிகர்