மீதிப் பதினோரு நிமிடம்

மார்ச் 4, செவ்வாய்

காலையில் மூன்று பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தேன். மூன்று பேரும் ஒரே விளக்குக் கம்பத்தைக் குறிவைத்தார்கள். என் பக்கத்தில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை மிதித்து மிதித்து வலது முழங்கால் வீங்கிவிட்டது. நேற்று சாப்பிடும்போது மனைவி ரசக்கரண்டியை வேகமாக நீட்டினாள். மேஜைக்கு அடியில் என் கால் தானாக ஓங்கி மிதித்தது. பதினேழு வருடத் தொழில் வியாதி.

மாலையில் கால்பந்து லீக் கூட்டம். நம் தலைவர் பல் மருத்துவர். கூட்டம் எப்போதும் அவர் கிளினிக்கில்தான், நோயாளிகள் உட்காரும் பெஞ்சில். உள்ளறையில் அந்தக் கருவிகள் தெரிகிற மாதிரி கதவைத் திறந்தே வைத்திருப்பார். அதனால் யாரும் அதிகம் எதிர்த்துப் பேசுவதில்லை.

பதினெட்டு அணி, மூன்று பிரிவு, பிரிவுக்கு ஆறு. வருடக்கணக்காக அதே ஐந்து மூஞ்சிகளோடு மோதி எல்லோருக்கும் அலுத்துவிட்டது. இனி இரண்டே பிரிவு, ஒன்பது ஒன்பது. "சரிபாதி!" என்று தலைவர் மூன்று முறை சொன்னார். கைதட்டினோம். செயலாளர் என்ற முறையில் பட்டியல் போடும் வேலை எனக்கு.

வீட்டில் சொன்னேன். மனைவி ஆஸ்பத்திரியில் நர்சுகளுக்கு டியூட்டி அட்டவணை போடுகிறவள். துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்டாள்: "ஒன்பதா? ஒத்தப்படையா இருக்கே. வாராவாரம் ஒரு டீம் சும்மா உக்காந்திருக்குமே. பத்து, எட்டுன்னு வெச்சா என்னங்க?"

"தீர்மானம் போட்டாச்சு" என்றேன். நிர்வாகம் என்பது இஸ்திரி போடுகிற மாதிரி எளிதல்ல. (இதை அவளிடம் சொல்லவில்லை.)

மார்ச் 5, புதன்

கணக்கு போட்டேன். முதல் பிரிவின் ஆறு அணிகள் அப்படியே இருக்கும். இரண்டாம் பிரிவிலிருந்து முதல் மூன்று இடம் மேலே வரும். முதல் இடம் தபால்காரர்கள், இரண்டாம் இடம் ஆசிரியர்கள். தகராறில்லை.

மூன்றாம் இடத்தில் இரண்டு அணி நிற்கிறது. பேக்கரி அணி, பதினான்கு புள்ளி. மருந்துக்கடை அணி, பதினான்கு புள்ளி. அடித்த கோல் பதினாறு, வாங்கிய கோல் பதினாறு. இரண்டு பேருக்கும் அதேதான். மயிரிழை வித்தியாசம்கூட இல்லை.

பேக்கரி அணியின் இரண்டாவது கோல்கீப்பர் யார்? நான். இருபத்திரண்டு வருடமாக பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். பேக்கரி ஒருநாளும் முதல் பிரிவைப் பார்த்ததில்லை. எனக்கு வயது நாற்பத்தாறு. ஒரே ஒரு தடவை முதல் பிரிவு கோல்கம்பத்துக்கு நடுவே நிற்க வேண்டும். வேறு ஆசை எனக்குக் கிடையாது.

மருந்துக்கடை அணியின் கேப்டன் யார்? என் மனைவியின் தம்பி.

இருதலைக்கொள்ளி எறும்பு என்று சொல்வார்கள். அந்த எறும்பாவது செயலாளர் இல்லை.

பட்டியலில் ஒன்பதாவதாகப் பேக்கரி என்று எழுதிப் பார்த்தேன். பார்க்க அழகாக இருந்தது. அழித்துவிட்டேன். பென்சில்தான்.

மார்ச் 6, வியாழன்

மச்சினன் இருமல் மருந்து நான்கு பாட்டில் கொண்டுவந்து கொடுத்தான். வீட்டில் யாருக்கும் இருமல் இல்லை.

மார்ச் 8, சனி

பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதையாகிவிட்டது.

சமநிலையைத் தீர்க்க வழி உண்டா என்று பழைய ஆட்டக் கணக்கைப் பார்க்க மைதானத்துக்குப் போனேன். அங்கே நோட்டுக்காரர் இருந்தார். நம் லீக்கின் பந்துகளெல்லாம் அவர் அறையில் இருக்கின்றன. ஆட்டத்துக்கு ஒரு பந்துதான் கொடுப்பார். இரண்டு கேப்டன்களும் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும், ஆட்டம் முடிந்ததும் அதே பந்தைத் திருப்பிக் கொடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும். பந்து வந்து சேராமல் ஆட்டம் முடிந்ததாக அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். நடுவர் விசில் ஊதினாலும் சரி, மைதானமே காலியானாலும் சரி.

நோட்டைப் புரட்டி, ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். "பேக்கரி, மருந்துக்கடை. போன செப்டம்பர். பந்து போச்சு, வரலை. கையெழுத்து இல்லை."

"அதான் ஒண்ணுக்கு ஒண்ணுன்னு டிரா எழுதிட்டேனே."

"நீ எழுதுவே. நான் எழுதலை. அந்த ஆட்டம் இன்னும் நடந்துக்கிட்டிருக்கு."

ஆறு மாதமாக நடந்துகொண்டிருக்கிறதாம்!

அந்த ஆட்டத்தை எப்படி மறப்பேன்? எங்கள் கேப்டனும் கோல்கீப்பருமான பேக்கரி முதலாளிக்கு எழுபத்தைந்தாவது நிமிடத்தில் கால் பிடித்துக்கொண்டது. நான் இறங்கினேன். நான்கு நிமிடம் நின்றேன். தொட்டது ஒரே பந்து. அதையும் ஓங்கி உதைத்தேன்; அது பக்கவாட்டுச் சுவரைத் தாண்டி, சாலையில் போன மணல் லாரிக்குள் விழுந்து, லாரியோடு போய்விட்டது. இருந்தது அந்த ஒரு பந்து. எல்லோரும் வீட்டுக்குப் போனோம்.

தலைவருக்குப் போன் செய்தேன். அவர் யாருக்கோ பல் பிடுங்கிக்கொண்டிருந்தார் போல, பின்னால் ஒரு முனகல் கேட்டது. "அப்ப மீதி பதினோரு நிமிஷத்தையும் ஆடி முடிச்சிடுங்க! ஜெயிச்சவன் மேல போகட்டும். ஆனா எல்லாம் முறைப்படி நடக்கணும். அதே பந்து, அதே ஆளுங்க."

அதே ஆட்கள் என்றால் கோல்கம்பத்தில் நான். ஆனால் அதே பந்துக்கு எங்கே போவது? பந்து கிடைக்காத வரை எனக்கு ஆபத்தில்லை.

மார்ச் 11, செவ்வாய்

புதிதாக ஒருவர் கார் ஓட்டக் கற்க வந்தார். பார்த்தால் லாரி அணியின் கேப்டன்! இருபது வருடமாகப் பத்துச் சக்கர லாரி ஓட்டுகிறவர்.

"உங்களுக்கு எதுக்கு சார் கிளாஸ்?"

"அடிப்படை கொஞ்சம் வீக்கா இருக்கு சார்."

முதல் திருப்பத்திலேயே விஷயத்துக்கு வந்துவிட்டார். அவர் அணி இரண்டாம் பிரிவில் ஐந்தாவது இடம். "பட்டியல்ல கோட்டைக் கொஞ்சம் கீழ இறக்கிப் போட்டா நாங்களும் மேல வந்துடுவோமே சார்." முடியாது என்றேன். மேற்கொண்டு ஓட்டினார். ரொம்ப நன்றாகவே ஓட்டினார். இன்று முழுக்க என் கால் ஓய்வாக இருந்தது அந்த அரை மணி நேரம் மட்டும்தான்.

பிறகு வண்டியை ஓரம் கட்டினார். "சார், மனசு உறுத்துது. அன்னிக்கு அந்தப் பந்து விழுந்தது நம்ம லாரியிலதான். நல்ல பந்தா இருக்கேன்னு பசங்க பிராக்டிஸுக்கு வெச்சுக்கிட்டாங்க. இன்னிக்கே கொண்டாந்துட்டேன்."

என் மடியில் வைத்துவிட்டார். அதே பந்துதான். நோட்டுக்காரர் மையில் எழுதிய எண் பாதி அழிந்து இருந்தது.

நன்றி சொன்னேன். என்ன நன்றி!

மார்ச் 12, புதன்

பந்து கார் டிக்கியில், பழைய கோணிக்குள் இருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை.

நான் கெட்டவனா? கெட்டவன் இல்லை. பயந்தவன். மச்சினன் உதைத்தால் பந்து எனக்குப் பின்னால் வலைக்குள்தான் இருக்கும். என் கையாலேயே பேக்கரியைக் கீழே தள்ள வேண்டுமா? பந்து கிடைக்கவே இல்லை என்றால் தலைவர் நாணயம் சுண்டுவார். நாணயத்தை யாரும் திட்ட மாட்டார்கள்.

மார்ச் 14, வெள்ளி

மனைவி டிக்கியில் காய்கறிப் பை வைக்கப் போனாள். அவ்வளவுதான்.

பந்தைச் சமையலறை மேஜைமேல் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். "இது என்னங்க?"

"பந்து."

"அது தெரியுது."

எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். தம்பிக்காகப் பேசுவாள் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் இல்லை.

"இருபத்திரண்டு வருஷமா ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை கையுறையைத் துவைச்சுக் காயப்போடறேன். அழுக்கே இல்லாத கையுறை. ஒரு பதினோரு நிமிஷம் அதை அழுக்காக்கிட்டு வாங்களேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் கலங்கியது உண்மை.

பந்தை நோட்டுக்காரரிடம் கொடுத்தேன். வாங்க மாட்டேன் என்றார்! "ஆட்டம் முடியலையே. இப்ப வாங்கினா முடிஞ்ச மாதிரி ஆயிடும்." ஞாயிற்றுக்கிழமை மீதியை ஆடும்வரை நீயே வைத்துக்கொள் என்று அனுப்பிவிட்டார். பந்து எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது.

மார்ச் 15, சனி

அதே ஆட்களைத் திரட்டுவதற்குள் உயிர் போய்விட்டது. ஒருவர் பத்துக் கிலோ ஏறியிருக்கிறார். ஒருவர் வேறு ஊர் போய்விட்டார், பஸ் பிடித்து வருகிறாராம், பதினோரு நிமிடத்துக்கு ஏழு மணி நேரப் பயணம். பெரிய சிக்கல் எலக்ட்ரீஷியன். அன்று பேக்கரிக்கு ஆடியவர், ஜனவரியில் மருந்துக்கடைக்கு மாறிவிட்டார். முறைப்படி நாளை பேக்கரிக்குத்தான் ஆட வேண்டும், தன் சொந்த அணிக்கு எதிராக.

"நான் ஜெயிக்கணுமா தோக்கணுமா சார்?" என்று போனில் கேட்டார்.

"மனசாட்சிப்படி ஆடுங்க" என்றேன். வேறு என்ன சொல்வது?

மார்ச் 16, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நடுவர் கடிகாரத்தை எழுபத்தொன்பதில் வைத்தார். நான் வெளியே அடித்த பந்து என்பதால் பக்கக் கோட்டிலிருந்து கையால் எறியும் வாய்ப்பு மருந்துக்கடைக்கு. ஆறு மாதத்துக்குப் பிறகு பந்து மைதானத்துக்குள் வந்தது. சுமார் இருநூறு பேர் கூடியிருந்தார்கள். இறுதிப் போட்டிக்குக்கூட இவ்வளவு பேர் வந்ததில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் லாரி எதுவும் போகாமல் லாரி கேப்டனே சாலையில் நின்று பார்த்துக்கொண்டார்.

எலக்ட்ரீஷியன் நடு வட்டத்தில் நின்றுவிட்டார். பந்து வந்தால் விலகிக்கொண்டார். இரண்டு பக்கமும் அவரைத் திட்டியது. மனிதர் இரண்டு பக்கமும் தலையாட்டி ஏற்றுக்கொண்டார்.

பத்து நிமிடம் என்னிடம் பந்தே வரவில்லை. கையுறை சுத்தமாக இருந்தது. தொண்ணூறாவது நிமிடம். மச்சினன் நடுவிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்தான். நானும் அவனும் மட்டும். "அத்தான், நகருங்க!" என்று கத்திக்கொண்டே உதைத்தான். எதற்கு நகர வேண்டும்? எங்கே நகர்வது? எனக்கு ஒன்றும் ஓடவில்லை. கை இரண்டும் தொடைமேல் இருந்தன, காரில் உட்கார்ந்திருப்பது போல. ஏதோ ஒன்று என்னை நோக்கி வேகமாக வந்தது. வலது கால் தானாக முன்னால் போய் ஓங்கி மிதித்தது.

பந்து காலடியில் நின்றது. செத்த மாதிரி அசையாமல் நின்றது.

நடுவர் விசில் ஊதினார். ஒன்றுக்கு ஒன்று. பேக்கரி முதலாளி என்னைத் தூக்கப் பார்த்து, அவருக்கு மறுபடி கால் பிடித்துக்கொண்டது. மச்சினன் மண்ணில் உட்கார்ந்தபடி, "அது என்ன அத்தான் ஸ்டைல்?" என்று கேட்டான். பிரேக் என்றேன்.

நோட்டுக்காரர் பந்தைத் துடைத்து, எண்ணைச் சரிபார்த்து, கையெழுத்து வாங்கினார். "இப்ப முடிஞ்சுது" என்றார்.

கையுறை சுத்தமாகத்தான் இருக்கிறது. மனைவியிடம் ஷூவைக் காட்டினேன்.

மார்ச் 18, செவ்வாய்

மகிழ்ச்சி அடங்கிய பிறகுதான் உறைத்தது. ஒன்றுக்கு ஒன்று என்றால் டிரா. பதினான்கு, பதினான்கு. பதினாறு, பதினாறு. எங்கே தொடங்கினோமோ அங்கேயே நிற்கிறோம்! இருநூறு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அதோடு ஒன்பது அணிக்கு ஆட்ட அட்டவணை போட உட்கார்ந்தேன். மூன்று மணி நேரம், ஏழு தாள். எப்படிப் போட்டாலும் வாரம் ஒரு அணி சும்மா உட்கார்ந்திருக்கிறது.

எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது.

கூடத்துக்குப் போனேன். மனைவி நர்சுகளின் அட்டவணையில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். "அன்னிக்கு ஏதோ பத்து, எட்டுன்னு சொன்னியே…"

தலையைத் தூக்காமல் ஒரு தாளை எடுத்து நீட்டினாள். பத்து அணிக்கும் எட்டு அணிக்கும் வாராவாரம் முழு அட்டவணை. பேக்கரி மேலே, மருந்துக்கடையும் மேலே. யாரும் சும்மா உட்காரவில்லை.

"எப்ப போட்டே?"

"நீங்க தீர்மானம் போட்டாச்சுன்னு சொன்ன அன்னிக்கே."

என் தலையில் நானே குட்டிக்கொண்டேன். உண்மையாகவே, வலிக்கும்படி.

மார்ச் 20, வியாழன்

கிளினிக்கில் கூட்டம். தாளை வைத்தேன். "சரிபாதி இல்லையே" என்றார் தலைவர். அதற்குள் மச்சினனும் பேக்கரி முதலாளியும் ஒரே நேரத்தில் கைதூக்கிவிட்டார்கள். "இதை நானே யோசிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றார் தலைவர்.

இல்லை தலைவரே, என் மனைவி யோசித்தாள் என்றேன். பிடுங்கும் கருவி கண்ணெதிரே இருந்தும் சொன்னேன். லாரி கேப்டன்தான் முதலில் கைதட்டினார். அவர் அணி கீழேதான் இருக்கிறது, பாவம்.

ஏப்ரல் 6, ஞாயிறு

அறிவிப்புப் பலகையில் புதுத் தாள். செயலாளர்: என் மனைவி. கீழே சின்ன எழுத்தில், இரண்டாவது செயலாளர்: நான்.

பேக்கரி முதலாளிக்குக் கால் சரியாகவில்லை. முதல் பிரிவின் முதல் ஆட்டம், முழுத் தொண்ணூறு நிமிடமும் நான்தான் நின்றேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கதவைத் திறந்தாள். தலையில் மண், முழங்கையில் சிராய்ப்பு. கையுறையைக் கழற்றி அவளிடம் கொடுத்தேன். எந்த நிறம் என்றே தெரியவில்லை.

"எத்தனை வாங்கினீங்க?"

"ஏழு."

"ஏழா! யாருகிட்ட?"

"முதல் பிரிவுகிட்ட" என்றேன்.