கட்டிலுக்குப் பக்கத்தில் தோய்க்கிற மெசின்

6.5.90 ஞாயிறு, இணுவில்

மெசின் நின்று இன்றோடு மூன்று கிழமை. வருசப்பிறப்புக்கு அடுத்த நாள் நின்றது. நானும் "பாப்பம், பாப்பம்" என்று சொல்லிக்கொண்டு கிடந்தேன். கிடப்பதைத் தவிர எனக்கு வேறென்ன வேலை?

இரண்டு வருசத்துக்கு முன்னர் புத்தூரில் ஒரு தோட்டக் கிணற்றுக்குள் தண்ணிப் பம்பை இறக்கும்போது கயிறு அறுந்தது. பம்போடு நானும் போனேன். பம்பை எடுத்துத் திருத்திவிட்டார்கள். எனக்கு இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியாது. மூத்திரம் போவதும் தெரியாது. ஒரு நாளைக்கு மூன்று பெட்சீற், சில நாளில் நாலு. எல்லாவற்றையும் தோய்ப்பவள் என் மனுசி பராசக்தி. அவள் படுகிற பாட்டைக் கேள்விப்பட்டுத்தான் அவளுடைய தம்பி ஜேர்மனியிலிருந்து காசு அனுப்பி, கொழும்பில் இந்த மெசினை வாங்குவித்தான்.

மூன்று கிழமையாக அவள் கையால் தோய்த்திருக்கிறாள். விரல் இடுக்கெல்லாம் வெடித்து, வலக்கை நடுவிரல் வீங்கிச் சீழ் பிடித்துவிட்டது. நேற்று ஆஸ்பத்திரி அப்போதிக்கரியிடம் மருந்துக்குப் போனாள். ஒரு மாதத்துக்குச் சவர்க்காரத் தண்ணியில் கை வைக்கக்கூடாது, வைத்தால் விரலை எடுக்க வேண்டிவரும் என்று அவர் சொல்லியிருக்கிறார். அவள் உடுப்புத் தைத்துத்தான் இந்த வீட்டில் அடுப்பு எரிகிறது. விரல் இல்லாமல் என்னத்தைத் தைக்கிறது?

வந்து இதை என்னிடம் சொல்லவேயில்லை. பக்கத்து வீட்டுச் சின்னாச்சி அக்காதான் சொன்னா.

நாளைக்கு மெசினைக் கட்டிலடிக்குக் கொண்டுவரச் சொல்லப்போகிறேன். கால்தான் செத்தது. கை இருக்கிறது.

8.5.90 செவ்வாய்

கந்தப்பு வந்து மெசினை அறைக்குள் இழுத்துத் தந்தான். தாவடிச் சந்தியில் சைக்கிள் கடை வைத்திருக்கிறவன். சின்ன வயசிலிருந்தே கூட்டாளி, வாய் மட்டும் அடங்காது. வாங்குப் பலகை ஒன்றைக் கட்டிலோடு ஒட்டப் போட்டு, மெசினைச் சரித்து வைத்தோம். அடிப்பக்கம் எனக்கு நேரே.

"என்னடாப்பா, தண்ணிப் பம்ப் டொக்டர் இப்ப பொம்பிளையளின்ரை மெசினுக்கும் வைத்தியமோ?"

"வாயை மூடிக்கொண்டு பிளக்கைக் குத்தடா."

குத்தினான். ம்ம்ம் என்று முக்கியது, சுற்றவில்லை. மோட்டர் முக்கினால் கண்டென்சர் போய்விட்டது என்று அர்த்தம். இருபது வருசம் இதைத்தானே பார்த்தேன்? பம்ப் மோட்டர் எத்தனைக்கு மாற்றிப் போட்டிருப்பேன். பழைய பம்ப் ஒன்றிலிருந்து கழற்றிக்கொண்டு வரச் சொன்னேன்.

சின்னாச்சி அக்கா இரண்டு நாள் வந்து பெட்சீற் தோய்த்துத் தந்தா. இன்றைக்கு வரவில்லை. அவவைக் குறை சொல்லேலாது. என்ரை நாத்தம் எனக்கே பிடிக்கேல்லை.

12.5.90 சனி

கண்டென்சர் போட்டாயிற்று. அதே முக்கல்.

ஆணி பிடுங்குகிற குறட்டைக் கையிலிருந்து சுவரில் எறிந்தேன். பராசக்தி ஒன்றும் சொல்லாமல் எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் வைத்தாள். மருந்துச் சீலை சுற்றிய கையால்.

பின்னேரம் கிணற்றடியில் சவர்க்காரம் மணத்தது. இடக்கையால் தோய்க்கிறாளாம். ஒற்றைக் கையால் எவளாவது பெட்சீற் பிழிவாளா? பொய். பொய் சொல்கிறாள்!

13.5.90 ஞாயிறு

நான் ஒரு மடையன். கொட்டை எழுத்தில் எழுதி வைக்க வேண்டும்.

என்னிடம் வேலை பழக வந்தவன் ஒவ்வொருவனுக்கும் நான் முதல் நாள் சொன்னது: மோட்டரைக் குறை சொல்ல முதல் பெல்ற்றைக் கழற்று. இன்று காலையில்தான் கழற்றினேன். கழற்றியதும் மோட்டர் பறந்தது! அதில் ஒரு பிழையும் இல்லை. பழைய கண்டென்சரும் நல்லது. பிழை மேலே. தொட்டிக்குள் உடுப்பைச் சுழற்றுகிற தட்டு இருக்கிறதே, அதன் அச்சு இறுகிப்போய்க் கிடக்கிறது. கையால் திருப்பினேன், அசையவில்லை. ஒரு கிழமையை வீணாக்கினேன். அந்த ஒரு கிழமையும் அவள் விரலில்தான் போனது.

மெசினை நிமிர்த்துவித்து, தட்டைக் கழற்றிப் பார்த்தால் அச்சைச் சுற்றி வெள்ளையாகக் கல்லுப் போலப் படிந்திருக்கிறது. எங்கள் கிணற்றுத் தண்ணிதான். மண்ணெண்ணெய் விட்டு ஊற வைத்திருக்கிறேன். இறுகின இரும்பு எதுவும் மண்ணெண்ணெய்க்கு இளகும்.

16.5.90

இளகவில்லை. கிறீசும் பூசிப் பார்த்தேன். தட்டினேன். இன்னும் பலமாகத் தட்டினால் அச்சு வளையும்.

17.5.90 வியாழன்

பராசக்தி தேத்தண்ணி கொண்டுவந்தவள் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: "உது தண்ணி கொதிக்க வைக்கிற கேத்திலுக்குள்ளை பிடிக்கிற சுண்ணாம்பெல்லே. மண்ணெண்ணெய்க்குப் போகுமே? பழப்புளி கரைச்சு விடுங்கோ."

"இது மெசின், கேத்தில் இல்லை."

"தண்ணி ஒண்டுதானே."

நான் எரிச்சலில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் குசினிக்குப் போய்ப் புளியைக் கரைத்துக்கொண்டு வந்து, கரண்டியால் தானே விட்டாள். நான் தடுக்கவில்லை.

19.5.90 சனி

நுரைத்து நுரைத்து, வெள்ளை சேறாய்க் கழன்று வந்தது. இரண்டு தரம் புளி மாற்றினோம். பத்து மணிபோல தட்டைத் திரும்பப் பூட்டி, பிடித்துத் திருப்பினேன். கறகற என்று அரை வட்டம் வந்தது. பிறகு முழு வட்டம். நான் போட்ட சத்தத்தில் கந்தப்பு ரோட்டிலிருந்து சைக்கிளை விட்டுவிட்டு ஓடி வந்தான், எனக்கு ஏதோ நடந்துவிட்டது என்று.

"கோதாரி, செத்துப்போனியோ எண்டு வந்தன்."

பெல்ற்றைப் போட்டோம். கறண்டைக் கொடுத்தோம். சுற்றியது. முன்னுக்குக் கொஞ்சம், நின்று, பின்னுக்குக் கொஞ்சம். பராசக்தி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"புளி எண்டு சொன்னது ஆர்?" என்று கேட்டேன்.

"கேத்தில் சொன்னது" என்றாள்.

3.6.90

சீழ் நின்றுவிட்டது. வீக்கம் பாதி. அப்போதிக்கரி இன்னும் இரண்டு மாதம் கவனம் என்றாராம். ஒரு நாளைக்கு நாலு பெட்சீற் என்றாலும் பரவாயில்லை, மெசின் தோய்க்கும்.

16.6.90 சனி

கறண்ட் போய் நாலு நாள். சண்டை திரும்பத் தொடங்கிவிட்டது, ஆமி இருக்கிற கோட்டைப் பக்கம் இரவு பகலாக வெடிச் சத்தம். இப்போதைக்குக் கறண்ட் வராதென்று கந்தப்பு சொல்கிறான். எப்ப வரும் என்று கேட்டேன். "அதை என்னைக் கேட்டால்?" என்றான்.

திருத்தின மெசின் கட்டிலடியில் நிற்கிறது. இருந்தென்ன? பராசக்தி திரும்பவும் கிணற்றடியில். ஏன்? ஏன் எங்களுக்கு மட்டும் இப்பிடி? நான் என்ன பாவம் செய்தனான்?

இதற்கு மேல் எழுதினால் அழுவேன்.

18.6.90 திங்கள்

அழுதது போதும்.

விரல் திரும்ப வீங்குகிறது. நேரமில்லை. மெசினுக்கு வேண்டியது கறண்ட் இல்லை, சுற்று. சுற்ற ஏதாவது இருந்தால் அச்சுக்கு என்ன தெரியப்போகிறது, சுற்றுவது மோட்டரா மனுசனா என்று?

மோட்டரைக் கழற்றிவிட்டேன். கந்தப்பைக் கூப்பிட்டு விட்டிருக்கிறேன்.

19.6.90

கந்தப்பிடம் சொன்னேன்: பழைய சைக்கிளின் பெடல் பூட்டின பெரிய பல்லுச் சில்லை ஒரு பலகையில் படுக்கையாகப் பூட்டு. அச்சின் அடியில் பின்சில்லுப் பல்லுச் சக்கரத்தைப் போடு. இரண்டுக்கும் செயின். பெடல் கட்டை மேலே பார்த்து நிற்க வேண்டும், திரிகைப் பிடி மாதிரி. கட்டில் உயரத்துக்கு.

"ஆர் சுத்துறது?"

"நான்."

என் கையைப் பார்த்தான்.

"உனக்கு விசர்தான்" என்று சொல்லிவிட்டு, அளவெடுக்க நூல் கேட்டான்.

25.6.90 திங்கள்

பூட்டியாயிற்று. மெசினை வாங்கின்மேல் நிமிர்த்தி வைத்து, கழிவுத் தண்ணிக் குழாயை யன்னலால் வாழைக்கு விட்டிருக்கிறோம். முதல் தோய்ப்பு. சுற்றினேன். சுற்றியது!

பத்து நிமிசத்தில் பெட்சீற் கயிறாய் முறுகி, இழுத்தால் கிழிந்தது. மோட்டர் என்றால் முன்னுக்கும் பின்னுக்கும் மாறி மாறிச் சுற்றும். நான் பின்னுக்குச் சுற்றினால் செயின் மட்டும் கிர்ரென்று ஓடுகிறது, அச்சு அசையவில்லை. சைக்கிள்காரன் கொண்டுவந்து போட்டது பிறீவீல்! பின்னுக்கு மிதித்தால் சும்மா ஓடுகிற பல்லுச் சக்கரம்.

"சைக்கிளில் ஆரடா பின்னுக்குப் போறான்?" என்று அவன் கத்த, நான் கத்த, பராசக்தி கிழிந்த பெட்சீற்றை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள்.

28.6.90 வியாழன்

பிறீவீலை வெல்டிங் பிடித்து ஒட்டக் கறண்ட் இல்லை. பழைய பற்றறி ஒன்றை உடைத்து, ஈயத்தை எடுத்து, சிரட்டைக் கரி நெருப்பில் உருக்கி, பிறீவீலின் உள்ளே ஊற்றச் சொன்னேன். ஆறினபிறகு கந்தப்பு இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டினான். இரண்டு பக்கமும் பிடித்தது. நாளைக்குப் பூட்டுவோம்.

29.6.90 வெள்ளி

இன்று எனது துணியை நானே தோய்த்தேன்.

மூன்று பெட்சீற், நான் உடுத்த ஒரு சாரம். பராசக்தி வாளியால் தண்ணி மட்டும் ஊற்றினாள், சவர்க்காரத்தை நான் கரைத்தேன். தோள்மூட்டு கழன்று விழும் போல நோகிறது. கை இப்போது பேனையைப் பிடிக்குதில்லை, எழுத்து கோழி கிளறின மாதிரி. இரண்டு வருசமாக நான் நனைத்துக்கொண்டு கிடந்தேன், அவள் தோய்த்துக்கொண்டு நின்றாள். இண்டைக்கு இல்லை. இனி ஒரு நாளும் இல்லை.

8.7.90

காலமில்லாக் காலத்து மழை. காயவில்லை. ஒன்பது பெட்சீற் அறைக்குள் தொங்குகிறது. நாலு நாளாகப் பக்கத்தில் எங்கேயோ ஷெல் விழுகிற சத்தம். கை நிறுத்துவதில்லை.

15.7.90 ஞாயிறு

விரல் தப்பியது. இன்று அப்போதிக்கரி விரலில் சுற்றியிருந்த மருந்துச் சீலையைக் கழற்றிவிட்டார். நகம் போனது போனதுதான், ஆனால் மடக்குகிறாள், நீட்டுகிறாள். என்னிடம் கொண்டுவந்து காட்டினாள். நான் அந்த விரலைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

22.7.90 ஞாயிறு

காலையில் இரண்டு பெட்சீற் சுற்றி முடித்து அலசியும் போட்டேன். வழக்கம்போலப் பராசக்தி வந்து எடுத்துக்கொண்டு போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள். ஈரப் பெட்சீற்றை என் முகத்துக்கு நேரே விரித்தாள்.

"உதென்ன தோய்ப்பு? ஓரம் முழுக்க மஞ்சளாக் கிடக்கு. கந்தப்பரோடை வாயடிச்சுக்கொண்டு கடமைக்குச் சுத்தினால் அழுக்குப் போகுமே? கொடியிலை போட்டால் ஊர் என்னைத்தானே நக்கலடிக்கும்! வயசுக்கேத்த புத்தி வேண்டாமே மனுசனுக்கு? பிடியுங்கோ. திரும்பச் சுத்துங்கோ!"

மெசினுக்குள் தொப்பென்று போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

கிணற்றில் விழ முதல், இவள் என்னை ஏசாத நாள் கிடையாது. சாரத்தில் கிறீஸ் பட்டால் ஏச்சு, பிந்தி வந்தால் ஏச்சு. விழுந்த பிறகு ஏச்சென்று ஒரு சொல் இல்லை. இரண்டு வருசமும் கண்ணாடிச் சாமானைத் தொடுகிற மாதிரித்தான் என்னைத் தொட்டாள்.

நான் சிரிப்பதைக் கண்டால் இன்னும் கூட ஏசுவாள். சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, முன்னுக்கு முப்பது, பின்னுக்கு முப்பது என்று சுற்றினேன்.