விரிசல் இல்லாத ஜாடி

ஜோகுபாளையம்,
12-06-2023

மதிப்பிற்குரிய ஸ்ரீரஞ்சனி மேடம் அவர்களுக்கு,

ஆண்டவர் கிருபையில் நானும் என் மனைவி அல்போன்சாவும் சுகம். போனில் நீங்கள் கிடைக்காததால் எழுதுகிறேன். எங்கள் மியூசியத்தில் நீங்கள் மூன்று வாரம் உட்கார்ந்து வரைந்த பழைய பீங்கான் ஜாடியில், கழுத்துக்குக் கீழே விரிசல் என்று போன மாதம் கண்டுபிடித்தார்கள். கண்ணாடிப் பெட்டியைத் துடைக்கும்போது காவலுக்கு நின்ற நான்தான் இடித்துவிட்டேன் என்கிறார்கள். முன்பே இருந்தது என்றேன். உடனே உங்கள் ஓவியத்தைக் காட்டினார்கள். போட்டோ மாதிரி இருக்கிறது. அதில் விரிசல் இல்லை.

ஆனால் அந்த விரிசலை எனக்குக் காட்டியதே நீங்கள்தான். ஒரு வரி எழுதிக் கொடுத்தால் என் வேலை தப்பும். வெள்ளிக்கிழமை விசாரணை.

இப்படிக்கு,
கிளிஃபர்ட்

மல்லேஸ்வரம்,
03-05-2024

அன்புள்ள கிளிஃபர்ட் அண்ணா,

உங்கள் கடிதம் விசாரணைக்கு முந்தின நாளே வந்துவிட்டது. படித்துவிட்டு இழுப்பறையில் போட்டேன்.

விரிசலை நான் வரைந்திருந்தேன். அழகு கெடுகிறதென்று கடைசி நாள் அதன்மேல் வெள்ளை பூசினேன். உங்கள் கடிதம் வந்த வாரம்தான் அந்த ஓவியத்துக்கு, உள்ளதை உள்ளபடி வரைந்ததற்காகப் பரிசு அறிவித்திருந்தார்கள். வாயைத் திறக்கவில்லை.

நேற்று மியூசியத்துக்குப் போனேன். வாசலில் புது ஆள். உங்களை விசாரித்ததற்கு, "ஜாடிய உடைச்சாரே, அவரா?" என்றார். நேராக டைரக்டர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். பரிசையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நகல் இத்துடன் இருக்கிறது. மன்னிப்புக் கேட்க எனக்கு முகமில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

ஸ்ரீரஞ்சனி

ஹெப்பகோடி,
21-05-2024

ஸ்ரீரஞ்சனி மேடம்,

பழைய வீட்டுக்காரர் கொடுத்தனுப்பி, உங்கள் கடிதம் கிடைத்தது. இங்கே ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியாக இருக்கிறேன். மியூசியத்திலிருந்து திரும்பக் கூப்பிட்டார்கள். போகவில்லை.

உங்கள் படம் அவ்வளவு தத்ரூபம். விசாரணையில் அதையே திரும்பத் திரும்பக் காட்டினார்கள். பார்க்கப் பார்க்க, நான்தான் இடித்தேனோ என்று எனக்கே தோன்ற ஆரம்பித்தது. கிறிஸ்துமஸுக்கு முன் பாவசங்கீர்த்தனத்தில் ஃபாதரிடம் அப்படியே சொல்லிவிட்டேன். செய்யாத பாவத்துக்கு மன்னிப்பும் வாங்கிவிட்டேன்.

கடிதத்தை அல்போன்சாவுக்குப் படித்துக் காட்டினேன். "நானும் உங்கள நம்பலயே" என்று அழுதாள்.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். வரவில்லை. வரும்போது நானே எழுதுகிறேன். அதுவரை நீங்கள் எழுத வேண்டாம்.

கிளிஃபர்ட்