சுண்ணாம்புத் தொட்டியில் ஒரு தந்தப்பல்

நேற்று தோல் பதனிடும் அந்தத் தோல்ஷாப் பக்கமாக ஆட்டோவில் வந்தேன். மழை பெய்து ஓய்ந்திருந்தது. சுண்ணாம்பும் பச்சைத்தோலும் கலந்த அந்த வாடைக்கு டிரைவர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். எனக்கு உன் ஞாபகம் வந்துவிட்டது.

கடலே இல்லாத திண்டுக்கல்லில் உட்கார்ந்துகொண்டு கடல் பசுவை எண்ணக் கிளம்பிய இரண்டு விலங்கியல் வாத்தியார்கள் நாம். சனிக்கிழமை மத்தியானம் பஸ் ஏறினால் தொண்டிக் கரை. அங்கே அதற்கு ஆவுளியா என்று பெயர். எண்ணினோம் என்பதே பெரிய வார்த்தை. உயிரோடு பார்த்தது கொஞ்சம், வலையில் மாட்டிச் செத்ததைக் குறித்ததுதான் அதிகம். அந்த அலுப்பு இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு மீனவர் தானாகவே ஆள் அனுப்பினார். அவர் வலையில் சினை ஆவுளியா ஒன்று செத்துவிட்டது. வழக்கு வரும் என்று தெரிந்தும் மறைக்காதவர் அவர் ஒருவர்தான். "வயசு என்னன்னு மட்டும் சொல்லுங்க சார். எங்கப்பா காலத்துலயே திரிஞ்சதா இருக்கும்," என்றார். தந்தப்பல்லை அறுத்தால் மரத்தில் இருப்பதுபோல வளையங்கள் தெரியும், எண்ணிச் சொல்கிறோம் என்று வாக்குக் கொடுத்தோம்.

வனத்துறை அனுமதியோடு தாடையைக் கொண்டுவந்தோம். நாற்றத்தால் கல்லூரியில் உள்ளே விடவில்லை. நீ உங்கள் குடும்பத்துத் தோல்ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் போட்டாய்.

"ஒட்டுன சதையெல்லாம் கழண்டுரும் மாப்ள. நான் வத்தலக்குண்டுக்குக் கல்யாணத்துக்குப் போறேன். ஞாயித்துக்கெழம நீ எடுத்துரு. மறந்துறாத, ரொம்ப ஊறக்கூடாது."

நீ திரும்பி வந்து அறுக்கப் பார்த்தபோது பல் சுண்ணாம்புக் கட்டியாகப் பொரிந்து உதிர்ந்தது. ஒரு வளையம்கூட மிஞ்சவில்லை.

"நாப்பதுன்னு சொல்லிருவோமே," என்றேன்.

"தெரியாதத தெரியாதுன்னு சொல்லு. அம்புட்டுத்தான்."

தனியாகவே பஸ் ஏறிப் போனாய். எங்க வீட்டுச் சுண்ணாம்பு கெடுத்துருச்சு என்று அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தாய். அதன்பின் அவர் நம்மைக் கூப்பிடவே இல்லை. அந்தக் கரையில் வேறு யாரும் கூப்பிடவில்லை.

இதை உன்னை அடக்கம் செய்த அன்று ஜனாஸாவில் நின்றபோதுகூட நான் சொல்லவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் தோல்ஷாப்புக்குப் போகவில்லை. விடைத்தாள் திருத்திய களைப்பில் படுத்துவிட்டேன். புதன்கிழமைதான் எடுத்தேன். ஞாயிறே எடுத்ததாக உன்னிடம் பொய் சொன்னேன். நீ நம்பினாய். அதுதான் தாங்க முடியவில்லை.

நம் பதிவேடு என் பீரோவில்தான் இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் அந்தப் பக்கத்தை எடுத்தேன். வயது: தெரியவில்லை. காரணம்: சுண்ணாம்பு. உன் சாய்ந்த கையெழுத்து. அதன் கீழே, 'ஞாயிற்றுக்கிழமை எடுக்காமல் விட்டவன் நான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

சனிக்கிழமை தொண்டிக்குப் போகிறேன், மாப்ள. அவர் இருக்கிறாரா என்று தெரியவில்லை. இருந்தால், உங்கள் வீட்டுச் சுண்ணாம்பின் மேல் தப்பில்லை என்று சொல்லிவிட்டு வருகிறேன்.