மூன்றாவது எச்சரிக்கை

அண்ணாச்சி, இன்று காலை கைப்பேசி திடீரென்று ஊளையிட்டது. வெள்ளம் வருகிறதாம், தாமிரபரணிக் கரையில் இருப்பவர்கள் மேட்டுக்குப் போக வேண்டுமாம். வெளியே வெயில் சுள்ளென்று அடிக்கிறது. சற்று நேரத்தில், அது வெறும் சோதனை என்று இன்னொரு செய்தி. எரிச்சல் எரிச்சலாக வந்தது.

விமானப்படையில் நாம் ரேடார் பார்த்த காலம். எல்லையோரக் கூடாரத்தில் ஒருநாள் திரையில் புள்ளிகள் வரிசையாக ஏறி வந்தன. எதிரி விமானம் என்று மேலிடத்துக்குச் சொல்ல நான் தொலைபேசியை எடுத்துவிட்டேன். "பொறும்வே, அடுத்த ரேடார்லயும் கேப்போம்" என்று என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள். நம் திரையில் வந்தது பறவைக் கூட்டம்.

ஓய்வு பெற்று ஊர் திரும்பினோம். நீங்கள் ஆற்றங்கரையில், நான் மேட்டுத் தெருவில். அப்போதும் நம் சண்டை ஓயவில்லை. எதிரியின் ஏவுகணை கிளம்பிய தகவல் வந்ததுமே நம்முடையதும் கிளம்ப வேண்டும், அப்போதுதான் பயப்படுவான் என்பேன். அணுகுண்டு விழுந்த பிறகு எதைக் கொண்டு அடிப்பது என்று கத்துவேன். கடலுக்கடியில் நீர்மூழ்கிக் கப்பலில் ஒளித்து வைத்தது தப்பும், அது தப்பும் என்று அவனுக்குத் தெரிந்தாலே போதும் என்பீர்கள். பக்கத்து நாட்டிலிருந்து வந்து சேரச் சில நிமிஷம்தான், அதற்குள் பறவையா குண்டா என்று யார் பார்ப்பது என்று கேட்பீர்கள். நாம் பொத்தானில் விரல் வைத்தால் அவனும் வைப்பான் என்பீர்கள்.

"வாங்கிட்டுத் திருப்பிக் குடுக்கலாம்வே. தப்பாக் குடுத்துட்டா திரும்ப வாங்க முடியுமா?"

அந்தப் பெருமழையில், அணையைத் திறந்துவிட்டார்கள் என்று யாரோ அனுப்பியதை நம்பி இரண்டு முறை உங்களைக் கூப்பிட்டேன். இரண்டு முறையும் மூட்டையோடு தொப்பலாக நனைந்து என் வீட்டுக்கு வந்தீர்கள். ஆற்றில் ஒன்றுமில்லை. "இன்னைக்கும் பறவைதானா?" என்று சிரித்தீர்கள். மூன்றாம் முறை நான் கூப்பிட்டது நிஜ வெள்ளத்துக்கு. "பைய போய்ப் பாத்துட்டு வாரேன்வே" என்றீர்கள். பாலத்துப் பக்கம் பார்க்கப் போன உங்களை மறுநாள்தான் தூக்கி வந்தோம்.

இப்போது நாடுகள் எல்லாம் ஏவுகணை வந்து சேரும் அந்தச் சில நிமிஷத்தையும் குறைக்கப் போட்டி போடுகின்றன. இதில் எனக்கு நம்பிக்கையே இல்லை, அண்ணாச்சி. ஒருநாள் எவனோ ஒருவன் அவசரப்படத்தான் போகிறான்.

டீக்கடையில் யாராவது உடனே ஏவ வேண்டும் என்றால் நான் இப்போது உங்கள் கட்சிதான் பேசுகிறேன். பொறுத்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லி முடிப்பதற்குள் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிடுகிறேன். பொறுத்துப் பார்க்கப் போய்தானே நீங்கள் செத்தீர்கள். இரண்டு பொய்யைச் சொல்லி உங்களைப் பொறுக்க வைத்தவன் நான்தானே.